யோகமும் வாய்மையும்

ஜூன் மாதம் நெருங்கும்போது பத்திரிகை அலுவலகத்திற்கு யோகத்தைப் பற்றிய கட்டுரைகள் மிகுதியாக வரத் தொடங்கும். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ஆம் நாளைச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது முதல் இது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான கட்டுரைகளின் அமைப்பு ஒன்றே. தொடக்கத்தில் ஒரு சுலோகம். அடுத்து நோய்களின் நீண்ட பட்டியல். நோய்க்கு ஓர் ஆசனம். இறுதியில், "இதை விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டுவிட்டது" என்று ஒரு வரி. எந்த விஞ்ஞானி, எங்கே, எத்தனை பேரிடம் ஆராய்ந்து, எதை ஒப்புக்கொண்டார் என்பது மட்டும் இருக்காது.

மக்களை நல்ல பாதைக்கு அழைப்பதற்காக உள்ளதைச் சற்றுக் கூட்டிச் சொல்லலாமா? அந்தக் கடைசி வரி எழுப்பும் கேள்வி இதுதான். எனக்கு இது வெறும் தத்துவ விசாரமாக நின்றுவிடவில்லை. அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பிராணாயாமத்தையும் உயர் இரத்த அழுத்தத்தையும் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். எழுதியவர் மருத்துவர், கவனமாக எழுதியிருந்தார். மருந்துடன் சேர்த்துப் பயிலும்போது சிலருக்கு இரத்த அழுத்தம் ஓரளவு குறையக்கூடும் என்பது அவரது கூற்று. தமிழில் அந்த வாக்கியம் தயங்கித் தயங்கி நடப்பதுபோல் எனக்குத் தோன்றியது. 'மருந்துடன் சேர்த்து' என்பது முந்தைய பத்தியிலேயே வந்துவிட்டதே என்று அதை நீக்கினேன். 'சிலருக்கு', 'ஓரளவு' இரண்டும் போயின. 'குறையக்கூடும்' என்பது 'குறையும்' ஆயிற்று. வாக்கியம் அழகாக அமைந்துவிட்டது. அன்று அதில் எனக்குத் திருப்தியும் இருந்தது.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை அவரது மகள் ஆசிரமத்திற்கு அழைத்து வந்தார். பெரியவரின் வலது கை தளர்ந்திருந்தது; பேச்சில் சிறிது குழறல். தரிசனம் முடிந்து அலுவலகத்திற்கு வந்தவர், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். நம் பத்திரிகையிலிருந்து கத்தரித்த பக்கம். "சுவாமிஜி, நாடிசுத்தி எத்தனை சுற்று என்று இதில் போடவில்லை. நான் குறைவாகச் செய்துவிட்டேனோ?" என்று கேட்டார்.

மீதியை மகள்தான் சொன்னார். மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் செய்தாராம். உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் எல்லோரும் வற்புறுத்தியபோது, "மடத்துப் பத்திரிகையில் இல்லாததை எழுதுவார்களா?" என்றாராம். பிறகு ஒரு நாள் விடியற்காலையில் பக்கவாதம்.

மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பக்கவாதம் வருகிறது. இந்தச் சமாதானத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் என்மீது குறை சொல்ல வரவில்லை. தம்முடைய சாதனையில்தான் ஏதோ குறை நேர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு வந்திருந்தார். என்னால் மறக்க முடியாதது அதுதான்.

அஷ்டாங்க யோகத்தில் ஆசனம் மூன்றாவது அங்கம், பிராணாயாமம் நான்காவது. முதல் அங்கமான யமத்தில் அஹிம்சையை அடுத்து வருவது சத்தியம். ஆசனத்திற்கு வர வேண்டியவர் வாய்மையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று பதஞ்சலி முனிவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். அந்தச் சூத்திரத்திற்கு வியாசர் எழுதிய பாஷ்யத்தை மாணவப் பருவத்தில் தேர்வுக்காகப் படித்தேன். இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு மீண்டும் படித்தேன். நம் உள்ளத்தில் உள்ள அறிவை மற்றவர் உள்ளத்தில் சேர்ப்பதற்காகவே பேச்சு ஏற்பட்டது என்ற இடத்திலிருந்து அவர் சத்தியத்தை விளக்குகிறார். ஆகவே அந்தப் பேச்சு கேட்பவரை வஞ்சிக்கக் கூடாது. பேசுபவரின் மயக்கத்திலிருந்து பிறக்கக் கூடாது. கேட்பவருக்கு ஒன்றும் விளங்காதபடியும் இருக்கக் கூடாது. இவையெல்லாம் சரியாக இருந்தும் அதனால் உயிர்களுக்குத் தீங்கு விளையுமானால் அதையும் சத்தியம் என்று அவர் ஏற்பதில்லை. இந்த அளவுகோலின்படி, வாய்மை என்பது சொல்பவரின் நல்லெண்ணத்தோடு முடிந்துவிடுவதில்லை. கேட்பவரின் மனத்தில் என்ன போய்ச் சேர்ந்தது என்பதையும் கணக்கில் கொள்கிறது. 'குறையும்' என்று எழுதியபோது என் எண்ணம் நல்லதாகவே இருந்தது. பெரியவரின் மனத்தில் போய்ச் சேர்ந்தது வேறு.

நம் முன்னோர் நோய்தீர்க்கும் பலனைச் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறார்கள். ஹடயோக பிரதீபிகையில் சுவாத்மாராமர் மயூராசனத்திற்கும் மத்ஸ்யேந்திராசனத்திற்கும் நோய்தீர்க்கும் ஆற்றல் உண்டு என்கிறார். ஆனால் அதே நூலின் இரண்டாம் அத்தியாயத்தை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. முறையான பிராணாயாமம் நோய்களை அகற்றும் என்று சொன்ன அவர், முறைதவறிய பிராணாயாமத்தால் எல்லா நோய்களும் உண்டாகும் என்றும் உடனே சொல்கிறார். விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி என்று பெயர்களையும் அடுக்குகிறார். நன்மையையும் தீமையையும் ஒரே மூச்சில் சொல்லும் நேர்மை அந்தப் பழைய சுவடியில் இருக்கிறது. நம் துண்டுப் பிரசுரங்களில்தான் பாதி சுலோகம் காணாமல் போய்விடுகிறது.

யோகத்தைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுசென்ற முன்னோடிகளுள் ஒருவரும் ஒரு துறவியே. சுவாமி குவலயானந்தர் 1920-களின் தொடக்கத்தில் பரோடாவில் உட்டியானம், நௌலி ஆகிய கிரியைகளை எக்ஸ்ரே கருவியின் உதவியுடன் ஆராய்ந்தார். 1924-இல் மகாராஷ்டிரத்தின் லோணாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவி, அதே ஆண்டில் 'யோக மீமாம்ஸா' என்ற ஆராய்ச்சி இதழையும் தொடங்கினார். நௌலியின்போது பெருங்குடலில் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் உண்டாகிறது, வஸ்தி கிரியையில் நீர் தானே உள்ளே ஏறுவதற்கு அதுவே காரணம் என்பதை அவர் அளந்து காட்டினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. பிராணாயாமம் செய்தால் உடலுக்கு அதிகப் பிராணவாயு கிடைக்கிறது, அதன் பெருமையே அதுதான் என்று அன்று பலரும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆசிரமவாசியான அவருக்கு அது எவ்வளவு வசதியான விளக்கம்! ஆனால் பிராணாயாமத்தின் மதிப்பை அந்தக் கணக்கில் வைக்க அவர் மறுத்தார். உடலியலும் அவர் பக்கமே. சாதாரணமாக மூச்சுவிடும் ஆரோக்கியமான ஒருவரின் தமனி இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஏற்கெனவே நூற்றுக்கு 95-க்கு மேல் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் எவ்வளவு ஊற்ற முடியும்?

ஆராய்ச்சி என்பது என்ன செய்கிறது என்பதை நம் நியாய சாஸ்திரத்தின் சொற்களிலேயே விளக்கிவிடலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைதான் வீழ்த்தியது என்று நினைப்பது காகதாலீய நியாயம். 'ஆசனம் செய்தேன், முதுகுவலி போயிற்று' என்பதில் காக்கை எது, பனம்பழத்தின் காம்பு எப்போது பழுத்தது என்று தெரியாது. முதுகுவலி பலருக்குத் தானாகவே சில வாரங்களில் தணியும். ஆகவே அந்வயம் மட்டும் போதாது, வியதிரேகமும் வேண்டும். அது இருந்தால் இது இருக்கிறது என்பதோடு, அது இல்லாவிட்டால் இது இல்லை என்பதும் தெரிய வேண்டும். யோகம் பயிலாத மற்றொரு குழுவை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்த வியதிரேகத்தைத் தேடித்தான்.

அப்படித் தேடியவர்களுள் பெங்களூரின் விவேகானந்த யோக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நாகரத்னாவும் நாகேந்திராவும் குறிப்பிடத்தக்கவர்கள். 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்துமா நோயாளிகள் 53 பேர் இரண்டு வாரம் பயிற்சி பெற்று, பிறகு நாள்தோறும் 65 நிமிடம் பயிலும்படி அறிவுறுத்தப்பட்டனர். வயது, பால், நோயின் தன்மை ஆகியவற்றில் அவர்களை ஒத்த வேறு 53 பேருடன் ஒப்பிட்டபோது, பயின்றவர்களுக்கு மூச்சிரைப்பு வருவது குறைந்திருந்தது. மருந்தின் தேவையும் குறைந்திருந்தது. பெருமைப்பட வேண்டிய பணி. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. இத்தகைய ஆய்வுகள் 15-ஐ, மொத்தம் 1,048 பேரை உள்ளடக்கி, 2016-இல் காக்ரேன் அமைப்பு ஒருசேரப் பரிசீலித்தது. நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்திலும் நோய்க்குறிகளிலும் சிறிதளவு முன்னேற்றம் ஏற்படுவதாகத் தெரிகிறது. நுரையீரலின் திறன் கூடுகிறதா என்பதில் முடிவுகள் ஒன்றுபடவில்லை. 1985 நமக்கு மனப்பாடம். 2016-ஐ நாம் வாசிப்பதில்லை.

முதுகுவலியில் யோகத்திற்கு இன்னும் நல்ல பெயர் உண்டு. அமெரிக்காவில் 228 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், யோக வகுப்புக்குச் சென்றவர்கள் வெறும் கையேட்டைப் படித்தவர்களைவிட நலம் பெற்றனர். ஆனால் தசைகளை நீட்டும் சாதாரண உடற்பயிற்சி வகுப்புக்குச் சென்றவர்களும் அதே அளவு நலம் பெற்றனர். இதில் வருந்த என்ன இருக்கிறது? முதுகுக்கு வேண்டியது நீட்டலும் வலிமையும். யோகம் அதைத் தருகிறது, மற்றதும் தருகிறது.

நான் நீண்ட நேரம் யோசித்தது நம் நாட்டிலேயே நடந்த மற்றோர் ஆய்வைப் பற்றி. மாரடைப்பிலிருந்து பிழைத்த 3,959 பேர். இந்தியா முழுவதும் 24 மருத்துவ மையங்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் அறிவுரை. மறுபாதியினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் மூன்று மாதம் யோகப் பயிற்சி. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தார்கள். முடிவு 2020-இல் வெளிவந்தது. மறுபடியும் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் முதலியவை யோகக் குழுவில் 131 பேருக்கு, மற்றக் குழுவில் 146 பேருக்கு. இந்த வேறுபாடு தற்செயலாகவே நேரக்கூடிய அளவினது என்று ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். யோகக் குழுவினர் தங்கள் உடல்நலம் சற்று மேம்பட்டிருப்பதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் அவர்களிடம் மேலாக இருந்தது என்பதையும் எழுதினார்கள்.

அந்த ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. 13 வகுப்புகளில் பத்துக்கும் குறையாமல் வந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அவர்களிடையே அபாயம் குறைவாகவே தெரிந்தது. இதைப் பிரசங்கத்தில் சொல்ல யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் தவறாமல் வகுப்புக்கு வருபவர் யார்? நடக்க முடிந்தவர், வீட்டில் துணை உள்ளவர், மாத்திரையையும் வேளை தவறாமல் விழுங்குபவர். அவர் பிழைத்தது யோகத்தாலா, அல்லது தவறாமல் வரும் அந்த இயல்பாலா? மறுபடியும் காக்கையும் பனம்பழமும்.

நம்மிடம் இரண்டு தப்பிக்கும் வழிகள் உள்ளன. முதலாவது, "யோகத்தை விஞ்ஞானத்தின் கருவிகளால் அளக்க முடியாது" என்பது. இதில் உண்மை இருக்கலாம். இருந்தால், சாதகமான முடிவு வரும்போதும் அதையே சொல்ல வேண்டும். ஆஸ்துமா ஆய்வை அட்டையில் அச்சிட்டுவிட்டு, மாரடைப்பு ஆய்வு வரும்போது மட்டும் கருவியைக் குறைசொல்வது, தனக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கும் வரையில் நீதிபதியை மதிப்பவரின் போக்கு.

இரண்டாவது சற்று வலுவானது. "குழந்தைக்குக் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோமே, உடல்நலத்திற்காக வருபவர் நாளடைவில் ஆன்ம நலத்தை நாடுவார், சிறிது மிகைப்படுத்தினால் என்ன?" என்று மூத்த அன்பர் ஒருவரே என்னிடம் வாதாடினார். உடல்நலத்திற்காக வந்து உயர்ந்ததைப் பற்றிக்கொண்டவர்களை நானும் கண்டிருக்கிறேன். தேன் கொடுப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. தேன் உண்மையான தேனாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்து லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 23 பேரைக் கிறிஸ்தவர்களின் ஜெபமாலைப் பிரார்த்தனையையும் பௌத்த மந்திரம் ஒன்றையும் ஓதச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்திற்கேற்ப இதயத் துடிப்பைச் சீராக்கும் அனிச்சைச் செயல் வலுப்பட்டது. நாடு, மொழி, சமயம் வேறாக இருந்தும் ஜபம் மனிதனின் மூச்சை ஒரே கதியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இது போதாதா? இதன்மேல் 'எனவே இருதய நோய் வராது' என்று ஒட்டவைக்க வேண்டுமா?

மிகைப்படுத்தலால் இன்னொரு தீங்கும் உண்டு. ஆசிரியர் கேட்ட கேள்வியில் அது இருந்தது. யோகம் நோயைத் தீர்த்தே தீரும் என்றால், நோய் தீராதவர் யோகத்தில் தோற்றவர் ஆகிறார். உடலின் வேதனையோடு இந்த வெட்கத்தையும் அவர் சுமக்க வேண்டும். அப்படியானால் 1885-ஐயும் 1886-ஐயும் நாம் என்ன செய்வது? பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றுநோயோடு முதலில் சியாம்புகூரிலும் பிறகு காசிப்பூர் தோட்ட வீட்டிலும் தங்கியிருந்த மாதங்கள் அவை. சிகிச்சை அளித்தவர்களுள் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் முக்கியமானவர். 1876-இல் கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக்கென்று ஒரு கழகத்தையே நிறுவியவர். எதையும் சோதிக்காமல் ஏற்காதவர். 1885 துர்கா பூஜையின்போது குருதேவர் சமாதியில் ஆழ்ந்திருக்கையில் அவர் கருவியை வைத்து இதயத் துடிப்பைப் பரிசோதித்ததையும், உடன் வந்த மருத்துவர் கண்விழியை விரலால் தொட்டும் அசைவில்லாததைக் கண்டதையும் சுவாமி சாரதானந்தர் பதிவு செய்திருக்கிறார். யோக ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஏனோ சேர்ப்பதில்லை. அத்தகைய சமாதி கைவந்தவருக்கும் புற்றுநோய் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. மனத்தை நோயுள்ள இடத்தில் குவித்தால் குணமாகிவிடுமே என்று பண்டிதர் சசதரர் வேண்டியபோது, இறைவனிடம் கொடுத்துவிட்ட மனத்தை எடுத்து இந்த எலும்பும் சதையுமான கூட்டில் வைக்கும்படி சொல்கிறீர்களே என்ற பொருள்பட மறுத்துவிட்டார்.

அவரது தலைமைச் சீடர் 1902-இல் மறைந்தபோது வயது 39. நீரிழிவும் ஆஸ்துமாவும் அவரை வாட்டியிருந்தன. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இடக்கையில் வந்த கட்டிக்கு 1949-இல் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை செய்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் மகாசமாதி. மருத்துவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. யோகம் தோற்றது என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

வியாசர் தம் பாஷ்யத்தில் யோக சாஸ்திரத்தை மருத்துவத்தோடு ஒப்பிடும் இடம் ஒன்று உண்டு. நோய், நோய்க் காரணம், நலம், மருந்து என்று மருத்துவ நூல் நான்கு பகுதிகளாக இருப்பதுபோல, பிறவித் துன்பம், அதன் காரணம், விடுதலை, விடுதலைக்கு வழி என்று இதுவும் நான்கு பகுதிகள் கொண்டது என்கிறார். வைத்திய நூலை உவமையாக எடுத்தாரே தவிர, யோகமே வைத்திய நூல் என்று அவர் சொல்லவில்லை. பதஞ்சலியார் சாதனைக்கு வரும் இடையூறுகளின் பட்டியலில் வியாதியை முதலில் வைத்தார். ஆகவே உடலைப் பேணுவது சாதகனின் கடமை. அதற்கு ஆசனமும் வேண்டும், தேவையான இடத்தில் மாத்திரையும் வேண்டும். இரண்டையும் எதிரிகளாக்கியது யோகம் அன்று. என் மொழிபெயர்ப்பு போன்ற வாக்கியங்கள்தான்.

அந்தக் கட்டுரைக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட்டோம். மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தையும் நிறுத்தலாகாது என்று கட்டம் கட்டிப் போட்டோம். அதைப் படித்த சந்தாதாரர் ஒருவர், "துறவிகளே நம்பிக்கை இழந்தால் எங்கள் கதி என்ன?" என்று கடுமையாக எழுதினார். அவருக்கு நான் எழுதிய பதில் இரண்டு பக்கம். அவர் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

பெரியவர் மறு ஆண்டும் வந்தார். இம்முறை மூல ஆங்கிலக் கட்டுரையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்; கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அவர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தவர் அந்த வாக்கியத்தில் விரலை வைத்து நின்றார். "இந்தத் துணைவினை ஒன்றுக்கே எட்டாம் வகுப்பில் ஒரு வாரம் எடுப்பேன், சுவாமிஜி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலது கை இன்னும் மூக்குவரை உயரவில்லை, நாடிசுத்தியை இடது கையால் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், மூச்சை உள்ளே நிறுத்த வேண்டாம், காலை மாத்திரையை விட வேண்டாம், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மகள் அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.